வாங்காத கடனைக் கட்டாதே!

“சின்னத் தொகைதானே, கட்டிவிட்டுப் போய்யா!”

வாங்காத கடனுக்காக வங்கி வாசலில் விழி பிதுங்கி நிற்கும் உழைப்பாளிக்கு இன்று தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை இது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். வசூலுக்கு வரும் ஆள் சொல்கிறான். லோன் வாங்கித் தரும் ஏஜெண்ட் சொல்கிறான். கடைசியில், நம் சாலில் நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்லும் அண்ணாச்சியும் அதையே சொல்லிவிடுகிறார்: “மூவாயிரமோ நாலாயிரமோ, கட்டித் தொலை. சிபிலில் பெயர் கெட்டுவிட்டால் எந்தக் கதவும் திறக்காது.”

உழைக்கும் தோழர்களே! இந்த அறிவுரையை நாம் வன்மையாக மறுக்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவது நாணயம். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் வாங்காத கடனைக் கட்டுவது நாணயம் ஆகுமா? அது பயம். பயந்தவன் பணத்தில் வளர்கிற வியாபாரத்துக்கு நாமே போடும் தீனி. அதைவிடக் கேடு என்னவென்றால், கட்டினாலும் கெட்ட பெயர் போவதில்லை! எப்படி என்று பார்ப்போம்.

நான்கு பேரேடுகள்

ஊரில் செட்டியார் கடையில் நம் பெயருக்கு ஒரு பற்று வரவுக் கணக்கு இருந்தது. தப்பாக எழுதினால், “ஐயா, அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லையே” என்று முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. இன்று நம் கணக்கு நான்கு பெரிய பேரேடுகளில் எழுதப்படுகிறது. எழுதுகிறவர் முகம் நமக்குத் தெரியாது. நம் முகம் அவருக்குத் தெரியாது.

ட்ரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகியவையே அந்த நான்கு நிறுவனங்கள். 2000 ஆம் ஆண்டில் தோன்றிய சிபில் இவற்றுள் மூத்தது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சிபில்’ என்றே மக்கள் பேசுகிறார்கள். இது சர்க்கார் பதிவேடு என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். அல்லவே அல்ல! ரிசர்வ் வங்கியிடம் உரிமம் பெற்று, 2005 ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நடக்கும் வியாபாரக் கம்பெனிகள் இவை. சிபிலின் பெரும்பான்மைப் பங்கு அமெரிக்காவின் ட்ரான்ஸ்யூனியன் கையில். ஈக்விஃபாக்ஸின் தாய்க் கம்பெனியும் அமெரிக்காவினுடையது. கிரிஃப் இத்தாலியில் பிறந்தது.

வங்கி, வட்டிக் கம்பெனி, மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும் மைக்ரோ பைனான்ஸ், கிரெடிட் கார்டு கம்பெனி ஆகிய எல்லோரும் நம் தவணைக் கணக்கை இந்த நான்கு இடங்களுக்கும் அனுப்ப வேண்டும். குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணக்கை வைத்து நமக்கு 300க்கும் 900க்கும் இடையே ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். பரீட்சை எழுதியது யார், தாள் திருத்தியது யார் என்று நமக்குத் தெரியாது. மதிப்பெண் மட்டும் நம் தலையில்!

தமிழன் பெயரும் பாரத்தின் கட்டமும்

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்கிறார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, சரி. அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்?

இந்தக் கம்பெனிகள் ஒரு கடன் கணக்கை ஒரு மனிதரோடு சேர்ப்பது பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை ஒப்பிட்டுத்தான். இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் தமிழனுக்கு வம்பு தொடங்குகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். பான் அட்டைப் பாரமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. இனிஷியல் போடாதே, விரித்து எழுது என்கிறது. ஆகவே முத்துவின் மகன் மு. முருகன் பான் அட்டையில் ‘முருகன் முத்து’ ஆகிறார். ஆதாரில் ‘முருகன் மு’. வங்கிப் புத்தகத்தில் ‘முத்து முருகன்’. ரேஷன் அட்டையில் வெறும் ‘முருகன்’. ஒரே மனிதருக்கு நான்கு பெயர்! இதற்கு மேல், நம் பெயரைக் காதால் கேட்டு எழுதும் மராத்திக்கார, இந்திக்காரக் குமாஸ்தாவின் கைவண்ணம் வேறு. சண்முகம் எத்தனை விதமாக எழுதப்படுகிறது, செல்விக்கு எத்தனை எழுத்துகள் என்பதெல்லாம் அவர் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

பிறந்த தேதியைப் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதியே நம்மில் எத்தனையோ பேருக்குப் பிறந்தநாள். முகவரியைப் பாருங்கள். ஒரே சாலில் ஐம்பது குடும்பம் இருந்தாலும் ரூம் நம்பரை விட்டுவிட்டால் ஐம்பதுக்கும் ஒரே முகவரி. தொலைபேசியைப் பாருங்கள். வேலைக்காக ஊர் மாறும்போது எண்ணும் மாறுகிறது. பழைய எண் வேறு யாருக்கோ போய்விடுகிறது.

இப்போது சொல்லுங்கள். ஒரே சாலில் இரண்டு முருகன், இருவருக்கும் பள்ளிக்கூடம் போட்ட ஒரே தேதி. ஒருவர் வாங்கிய மோட்டார் சைக்கிள் கடன் மற்றவர் கணக்கில் ஏறினால் அதில் வியப்பு என்ன? இது முருகனின் குற்றமா? நம் பெயர் வழக்கத்துக்கு இடம் வைக்காமல் பாரம் அச்சடித்தவர்களின் குற்றமா?

பெயர்க் குழப்பம் ஒரு வகை. வேறு வகைகளும் உண்டு. கட்டி முடித்த கடனை முடிந்ததாக எழுதாமல் விட்டுவிடுவது. கட்டிய தவணையைக் கட்டாததாகக் காட்டுவது. ஒரே கடனை இரண்டு கடனாக எழுதுவது. நம் பான் எண்ணையும் ஆதார் நகலையும் வைத்து வேறொருவன் கடன் வாங்கிவிடுவது. 2022 தொடக்கத்தில், ஒரு கடன் செயலி வழியாகத் தங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பலர் குமுறியது பத்திரிகைகளில் வந்தது. அதில் ஒரு பிரபல நடிகையும் இருந்தார். நடிகைக்கே அந்தக் கதி என்றால் நாக்காவில் நின்று கூலிக்குப் போகும் நமக்கு?

பறிபோவது என்ன?

வெறும் எண்தானே என்று நினைக்காதீர். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மைக்ரோ பைனான்ஸ் விதியின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதா என்று பார்க்கக் கம்பெனிக்காரர் புரட்டுவது இந்தப் பேரேடுகளைத்தான். வாங்காத கடன் ஒன்று அதில் ஏறியிருந்தால், இட்லி வியாபாரம் செய்யும் நம் அக்காவுக்குக் கடன் இல்லை என்று கதவு சாத்தப்படும். அதற்கப்புறம் அவர் போவது எங்கே? நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி கேட்பவனிடம். ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு நூற்றிருபது! பேரேட்டில் ஒருவர் செய்த பிழைக்கு அபராதம் அக்காவின் அடுப்பில் விழுகிறது.

வேலையும் பறிபோகும். பாரத ஸ்டேட் வங்கியில் வேலைக்குத் தேர்வான இளைஞர் ஒருவரின் நியமனம், கடன் அறிக்கையில் பாதகமான பதிவு இருந்ததைக் காட்டி ரத்து செய்யப்பட்டது. வேலை அறிவிப்பு வரும் முன்பே கடன்களைக் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். வங்கி செய்தது சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த இளைஞரின் பதிவு பிழை என்று நாம் சொல்லவில்லை. பதிவுக்கு இத்தனை பலம் என்றால், பிழையான பதிவுக்கும் அதே பலம்தானே என்று கேட்கிறோம். நம் பிள்ளைகள் படித்து வங்கித் தேர்வு எழுதும் காலம் இது. சிந்திப்பீர்!

கட்டினால் ஏன் தீராது?

“கட்டித் தொலை” என்பவர்களுக்கு மூன்று பதில்.

ஒன்று: கட்டியவுடன் அந்தக் கடன் உம்முடையது என்று நீரே கையெழுத்துப் போட்டதாக ஆகிறது. நாளை ‘அது என் கடன் அல்ல’ என்று எழுதினால், “அப்படியானால் ஏன் கட்டினீர்?” என்ற ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்கள்.

இரண்டு: பணம் கட்டினால் பாக்கி போகும், பழி போகாது. சிபில் அறிக்கையில் 36 மாதத் தவணைச் சரித்திரம் நிற்கிறது. எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று வரிசையாகக் காட்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினாலோ, ‘செட்டில்டு’ என்று முத்திரை குத்துவார்கள். முழுதாகக் கட்டாதவர் என்பதே அதன் பொருள். காசும் போய், பெயரும் போய்!

மூன்று: வேறொருவர் கணக்கு உம் கணக்கோடு கலந்திருந்தால், இந்த மாதத் தவணையை நீர் கட்டலாம். அடுத்த மாதம் அவர் கட்டாமல் விட்டால்? ஆயுள் முழுதும் அவருக்காக உழைக்கப் போகிறீரா?

ஆகவே பிழையைக் காசு கொடுத்து மூடக் கூடாது, திருத்த வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் துல்லியமாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்பது 2005 சட்டம் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் விதித்த கடமை. பிழை இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. 30 நாளுக்குள் நடவடிக்கை எடுப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் அதே சட்டத்தில் ஒரு கொக்கியும் இருக்கிறது. கடன் கொடுத்ததாகச் சொல்லும் வங்கியோ கம்பெனியோ ‘ஆம், திருத்தலாம்’ என்று சான்று தந்தால்தான் திருத்துவார்களாம். குற்றம் சாட்டியவரையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்த கதை இது!

இதைப் பற்றி நாட்டில் புகார்கள் குவிந்தன. 2022 செப்டம்பர் முதல் இந்த நான்கு நிறுவனங்களும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரின் அதிகாரத்துக்குள் கொண்டுவரப்பட்டன. 2023 ஜூனில் நான்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் அபராதம் போட்டது ரிசர்வ் வங்கி. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று வந்தது முக்கியமான உத்தரவு. 2024 ஏப்ரல் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இது:

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார் கொடுத்தவருக்கு நஷ்ட ஈடு. 21 நாளுக்குள் வங்கி தன் பதிலை அனுப்பாவிட்டால் வங்கி கட்ட வேண்டும். வங்கி அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் நிறுவனம் கட்ட வேண்டும். திருத்த மறுத்தால், காரணத்தை நமக்குச் சொல்ல வேண்டும்.

நூறு ரூபாய் பெரிதா என்று கேட்கலாம். நாமும் கேட்கிறோம்! வீட்டுக் கடன் கட்டி முடித்தபின் பத்திரத்தைத் திருப்பித் தரத் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று அதே ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. பத்திரத்துக்கு ஐயாயிரம், பத்திரம் இல்லாதவன் பெயருக்கு நூறு! இந்த ஓரவஞ்சனையைக் கண்டிப்போம். ஆனால் கண்டித்துக்கொண்டே அந்த நூறு ரூபாயையும் விடாமல் வாங்குவோம். 30 நாள் கெடுவுக்கு மேல் அறுபது நாள் இழுத்தடித்தால் ஆறாயிரம் ரூபாய். தொகையைவிட, தவறுக்கு விலை உண்டு என்று அவர்கள் உணர்வதே முக்கியம்.

செய்ய வேண்டியது

முதலில் அறிக்கையை வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பெண்ணோடு முழு அறிக்கையைக் காசில்லாமல் தர வேண்டும் என்பது 2017 முதல் உள்ள விதி. நான்கு நிறுவனம், நான்கு அறிக்கை. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே கேளுங்கள். ‘இலவச ஸ்கோர்’ என்று கூவும் செயலிகளுக்கு நம் விவரத்தைக் கொடுத்தால், பின்னால் கடன் விற்க வருவான்.

மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர். பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, தொலைபேசி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பிறகு கடன் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: யார் கொடுத்தது, எப்போது, எவ்வளவு, பாக்கி எவ்வளவு, முடிந்ததா? நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அதில் வரும். அது பிழை அல்ல. கடைசியில், யார் யார் நம் கணக்கை எட்டிப் பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். நாம் கடன் கேட்காத கம்பெனியின் பெயர் அங்கே இருந்தால், நம் பெயரில் வேறு யாரோ கடன் கேட்டிருக்கலாம். எச்சரிக்கை!

பிழை கண்டால் அந்தத் தகவல் நிறுவனத்திடம் புகார் பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அதே நாளில் கடன் கொடுத்ததாகச் சொல்லும் வங்கிக்கும் எழுதுங்கள். வளவளவென்று வேண்டாம். “இன்ன எண்ணுள்ள கணக்கு என்னுடையது அல்ல. என் கையெழுத்துள்ள விண்ணப்பத்தையும், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதையும் காட்டுங்கள். 30 நாளுக்குள் திருத்துங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்” என்றால் போதும். கட்டி முடித்த கடன் என்றால் பாக்கி இல்லை என்ற சான்றிதழின் நகலை இணையுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். 30 நாள் கெடுவின் கடிகாரம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. ஒரு பேரேட்டில் திருத்தினால் மற்ற மூன்றிலும் திருந்திவிட்டதா என்று பாருங்கள்.

நம் பெயரில் வேறொருவன் கடன் வாங்கியிருந்தால் காவல் நிலையத்திலும், 1930 என்ற சைபர் குற்றத் தொலைபேசியிலும் உடனே புகார் செய்யுங்கள். அந்த நகலும் புகாரோடு போகட்டும்.

30 நாள் கழிந்தும் பதில் இல்லையா, பதில் நியாயமில்லையா? தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் பதியலாம். சண்டிகர், செக்டார் 17, ரிசர்வ் வங்கி புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

இன்னொன்று: கடன் பாக்கி என்று பேரேட்டில் ஏறும்போதும், யாராவது நம் கணக்கைப் பார்க்கும்போதும் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று விதி இருக்கிறது. செத்துப்போன எண்ணுக்கு வந்து என்ன பயன்? எண் மாறினால் முதலில் வங்கியில் மாற்றுங்கள்.

தரகர்களை நம்பாதீர்!

“ஐயாயிரம் கொடு, சிபிலைச் சரி பண்ணித் தருகிறேன்” என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவனிடம் எந்த மந்திரமும் இல்லை. நாம் இலவசமாகச் செய்யக்கூடிய அதே புகாரைத்தான் அவனும் பதிவான். கூடவே நம் ஆதாரையும் பானையும் ஓ.டி.பி.யையும் வாங்கிக்கொள்வான். பூனைக்குப் பயந்து புலியிடம் அடைக்கலம் போகாதீர்!

“இங்கிலீஷ் தெரியாத நம்மால் இதெல்லாம் ஆகுமா?” என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: தனியாக ஆகாது என்றால் கூட்டமாகச் செய்வோம். ஒவ்வொரு தமிழர் பகுதியிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்க அறையில் நாலு பிள்ளைகள் உட்காரட்டும். வருகிறவர் அவரவர் கைபேசியிலேயே, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாமல், அறிக்கையை எடுக்கட்டும். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். புகார் எண்களுக்கு ஒரு நோட்டு. முப்பதாம் நாள் யாருக்கு என்று அந்த நோட்டு சொல்லட்டும். தனியொருவர் கடிதத்தைக் குப்பையில் போடுகிறவர், ஒரே பகுதியிலிருந்து நாற்பது கடிதம் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

நாம் கேட்பது

தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அனைத்திலும் கடன் அறிக்கை வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவர்களின் பெயரை உள்ளபடி ஏற்கும் பாரம் வேண்டும். ‘இது என் கடன் அல்ல’ என்று ஒருவர் சொன்னால், அவருடையதுதான் என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவர் தலையில் விழ வேண்டும்; நிரூபிக்கும் வரை அந்தப் பதிவை வைத்துக் கடனோ வேலையோ மறுக்கக் கூடாது. நூறு ரூபாயை, உழைப்பாளி இழக்கும் ஒரு நாள் கூலிக்காவது உயர்த்த வேண்டும். இதில் எது அநியாயமான கோரிக்கை?

தோழர்களே! ஊரை விட்டு வந்தபோது நாம் கொண்டுவந்த முதல் இரண்டு: உழைக்கும் கை, நாணயமான பெயர். கையின் உழைப்புக்குக் கூலி கேட்கக் கற்றுக்கொண்டோம். பெயருக்கும் கணக்குக் கேட்போம்.

வாங்கிய கடனைக் கட்டு! வாங்காத கடனைக் கட்டாதே! பிழையை எழுதியவரையே திருத்த வை!